கரையில் அடுக்கிய உப்புச் சாக்குகள்

முத்து, நாளைக் காலை ஆற்றுக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதை நீ படித்து முடித்துவிட வேண்டும். திங்கட்கிழமை கவுஹாத்தி ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு படித்தால் பிரயோசனமில்லை. ‘வாய்ஸ் நோட் போட்டுரும்மா, தமிழ் படிக்க எனக்கு லேட்டாவும்’ என்று நீ சொல்வாய். என் வாய்ஸ் நோட்டையெல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பது எனக்குத் தெரியும். இதை அப்படி ஓட்ட முடியாது. ஸ்லோ லோக்கல் ரயில் மாதிரி எழுத்துக்கு எழுத்து நின்று நின்றுதான் படிப்பாய், படி. நேரில் சொல்லலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் வியாபாரி புத்தி குறுக்கே வந்து, ‘பெட்டியில் இன்னொரு ஸ்வெட்டர் வை’ என்று சொல்ல வைத்துவிட்டது. நேரில் பேசினால் நான் பேரம் பேசிவிடுவேன். காகிதத்தோடு பேரம் பேச முடியாதில்லையா. கவரை ஒட்டவில்லை. இதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? விடியும் முன்னே எழுந்து பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு நின்றாய். “ஏலே, லீவு நாளும் அதுவுமா எங்கலே கெளம்பிட்ட?” என்றேன். “ஆத்துக்கும்மா.” “குளிக்கவா?” “மண்ணு அள்ள.” “மண்ணு அள்ளுததுக்கா ஒன்னிய இஞ்சினியருக்குப் படிக்க வச்சேன்?” “சோடோ நாம்மா, விட்டுரு, உனக்குச் சொன்னாப் புரியாது. டிரெயின் போயிரும்.” நீ போய்விட்டாய். எனக்குப் புரியாது என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்னை அம்பர்நாத் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. தாராவியில் பழைய சாக்கு வாங்கி விற்று இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஒரு சாக்கைக் கையில் எடுத்தால் அதில் என்ன இருந்தது, எத்தனை கை மாறியது, எந்தப் பக்கம் கிழியும் என்று சொல்லிவிடுவேன். மனிதர்களும் எனக்கு அப்படித்தான். யாரானாலும் உள்ளே என்ன இருக்கிறது, இதில் அவனுக்கு என்ன வரும்படி என்று பார்ப்பேன். வரும்படியே இல்லாத வேலைக்கு ஒருத்தன் வாரா வாரம் ஒன்றரை மணி நேரம் ரயிலில் போகிறான் என்றால், ஒன்று அங்கே ஒரு பெண் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கட்சி இருக்க வேண்டும். எது என்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் அந்த மாசக் கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன்.

அம்பர்நாத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் குலுங்கி, உல்லாஸ் ஆறு வளைந்து திரும்பும் அந்த இடத்துக்கு வந்தேன். பெண்ணும் இல்லை, கட்சிக் கொடியும் இல்லை. சேற்றில் இருபது முப்பது பேர். செருப்பில்லாமல், கால்சட்டையை மடித்துவிட்டு, வெள்ளை மீசையோடு ஒருவர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். மாட்டுங்கா மாமா. ரயில்வே ஆபீசில் ரிட்டயர் ஆனவர், இந்தக் கூட்டத்துக்குத் தலை. “முத்துவோட அம்மாதானே? வாங்கோ வாங்கோ. உக்காருங்கோன்னு சொல்லலாம்னா இங்க மண்ணு மட்டும்தான் இருக்கு” என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. “மாமா, தப்பா நெனைக்கப்பிடாது. இதுல ஒங்களுக்கு என்ன வரும்படி?” என்றேன். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். அவர் சிரித்தார். “வீட்ல இருந்தா என் ஆம்படையா வெண்டைக்காய் நறுக்கச் சொல்றா. அதுக்கு இது தேவலையாக்கும்.” அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். செம்பூரிலிருந்து வரும் அந்த பேங்க் அம்மாவிடமும் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, “ஆபீஸ்ல நான் இன்னிக்கு முடிச்ச வேலை நாளைக்கு எங்க போச்சுன்னே தெரியாது ஆன்ட்டி. இங்க போன வாரம் வச்ச சாக்கு இந்த வாரமும் வச்ச இடத்துலயே இருக்கு” என்றாள். அது எனக்கு உடனே விளங்கியது. கட்டு கட்டி அடுக்கி, தள்ளி நின்று பார்க்கும்போது எனக்கும் அந்தச் சந்தோஷம் உண்டு.

அன்றைக்கு நான் கேட்ட கேள்விகளுக்கு நீ வெட்கப்பட்டாய். ஆறு ஏன் இந்தக் கரையை மட்டும் தின்கிறது, எதிர்க்கரையை ஏன் விட்டுவிடுகிறது என்று கேட்டேன். மாமா, “லோக்கல்ல டோர்கிட்ட நின்னிருக்கேளோ? வண்டி வளைவுல திரும்பறச்சே ஜனம் மொத்தமும் எந்தப் பக்கம் சாயும்? வெளிப்பக்கம்தானே? தண்ணியும் அப்படித்தான், வெளிப்பக்கக் கரைல போய் மோதும்” என்றார். இத்தனை வருஷம் அந்த வாசலில் இடிபட்டிருக்கிறேன், ஆற்றைப் பற்றி எனக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம் சாக்கில் இருந்தது. செங்குத்தாக நின்ற கரையைப் படி படியாக வெட்டி, சணல் சாக்கில் மண்ணை நிரப்பிச் செங்கல் மாதிரி அடுக்கி, மூங்கில் அடித்து, சாக்கில் ஓட்டை போட்டு வெட்டிவேர் நாற்றைச் செருகிக்கொண்டிருந்தீர்கள். நான் சிரித்துவிட்டேன். “சணலு ரெண்டு மழைக்கு மக்கிப் போவுமே, பிளாஸ்டிக் சாக்குல்லா போடணும்” என்றேன். “மக்கணும்மா” என்றாய் நீ. “அது மக்குறதுக்குள்ள வேர் மண்ணைப் புடிச்சிரும். அப்புறம் சாக்கு வேண்டாம்.” சாக்கு மக்கக் கூடாதே என்று ஒவ்வொரு மழைக்காலமும் தார்ப்பாய் போட்டு, பலகை போட்டு, பயந்து பயந்து வாழ்ந்தவள் நான். சாக்கு மக்க வேண்டும் என்று விரும்புகிற மனிதர்களை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன்.

அன்றைக்குத்தான் சுனந்தாபாயையும் பார்த்தேன். கரையோரத்து வீடுகளில் முதல் வீடு அவளுடையது. கொல்லையில் ஒரு கொய்யா மரம், மரத்தைத் தாண்டினால் பள்ளம், பள்ளத்தில் ஆறு. நீங்கள் நட்ட நாற்றெல்லாம் அவள் கொல்லையில் வளர்த்துக் கொடுத்தது. நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, வாரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். வீட்டுக் கொல்லைப்படியிலிருந்து கரை விளிம்பு வரைக்கும் நடந்து எண்ணிக் காட்டினாள். இருபத்திரண்டு அடி. “நான் கல்யாணமாகி வந்தபோது இந்த இடத்தில் எருமை கட்டிப் போட்டு, அதற்கு அப்பால் கல்யாணப் பந்தல் போட்டார்கள். பந்தல் போட்ட இடத்தில் இப்போது மீன் இருக்கிறது” என்றாள். மராத்தி கலந்த இந்தியில் அவள் சொன்னதை உனக்குத் தமிழில் எழுதுகிறேன். அழுது சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டதைச் சொல்வது மாதிரி, ஆற்றின் மேல் வழக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

அந்த உற்சாகத்தில்தான் எல்லார் முன்னாலும் நான் வாய் விட்டேன். “சாக்கு வெளிய வாங்காதீய. பன்னெண்டு கட்டு நான் தாரேன், சும்மா தாரேன்.” எல்லாரும் கை தட்டினார்கள். நீ தட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களைப் பார்ப்பாயே, அந்தப் பார்வை. முதல் தடவையாக அது எனக்குக் கிடைத்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிறகு எட்டு மாதம் நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அந்தப் பார்வைதான் காரணம். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

இனிமேல் வருவதுதான் நான் சொல்ல வந்தது. நம் கிட்டங்கியின் பொட்மாலாவில், அந்த மச்சில், ஏணி வைத்து ஏறினால் இடது கைப் பக்கம், ஒரு குவியல் கிடக்குமே, நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தொடாதே என்று விரட்டுவேனே, அது தோல் மண்டியிலிருந்து வந்தது. பச்சைத் தோலுக்குப் போடுகிற உப்பு இருந்த சாக்குகள். எங்கள் தொழிலில் உப்புச் சாக்கை யாரும் வாங்க மாட்டார்கள். மழைக்காலத்தில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் தானும் நனைந்து, பக்கத்துச் சாக்கையும் நனைத்துவிடும். அதனால்தான் சாக்கு வாங்குகிறவர்கள் சந்தேகம் வந்தால் ஓர் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்ப்போம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நாக்கு பொய் சொல்லாது. சும்மா தருகிறேன் என்று சொன்ன மறுநாள் ஏணி வைத்து ஏறினேன். மண் நிரப்பத்தானே, மண்ணுக்கு என்ன தெரியும் உப்பா சர்க்கரையா என்று நினைத்தேன். உதறி, தட்டி, உள்ளே வெளியே திருப்பிக் கட்டினேன். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து சாக்கு. அதில் மேலே ஐந்து, கீழே ஐந்து, சுத்தமான கோதுமைச் சாக்கு வைத்தேன். நடுவில் பதினைந்து உப்புச் சாக்கு. அதுதான் எங்கள் மேல்சாக்கு வேலை. ஏமாளி கடைக்காரனுக்குக் கட்டும் கட்டு. யாரிடமிருந்தும் பைசா வாங்காத கட்டுக்கும் என் கை தானாக அப்படித்தான் கட்டியது, முத்து. தானமாகக் கொடுக்கிற பொருளுக்கு எதற்கு மேல்சாக்கு? யாரை ஏமாற்ற? இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். கைக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது.

ஜனவரியில் அந்தச் சாக்குகளை அடுக்கி நாற்று நட்டீர்கள். மார்ச்சில் பாதிக்கு மேல் கருகிப் போயிற்று. நீ வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்தாய். உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வாரம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடியதாகச் சொன்னாய். யார் தண்ணீர் ஊற்றவில்லை? யோசித்துப் பார். ஏன் செத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. படித்தவர்கள் முப்பது பேர் இருந்தீர்கள். ‘ஏன்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘யார்’ என்று கேட்டீர்கள். யார் என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைத்துவிடும், அங்கே கூட்டத்தில் பேசத் தெரியாதவள் யாரோ அவள்தான் பதில். சுனந்தாபாய் ஊற்றவில்லை, தன் வீட்டுப் பக்கம் மட்டும் ஊற்றினாள், கிழ நாற்றைக் கொடுத்தாள். இப்படி ஆளுக்கு ஒன்று. கடைசியில் அவளிடம் போய்ச் சொல்லும் வேலை உனக்கு வந்தது, மராத்தி உனக்குத்தான் நன்றாக வரும் என்று. கொய்யா மரத்தடியில் நின்று, ‘இனிமேல் நீங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம்’ என்று சொல்லிவிட்டு வந்தாய். மரியாதையாகத்தான் சொன்னேன் என்றாய். மரியாதையாகத்தான் சொல்லியிருப்பாய், என் பிள்ளை. அது அவளுக்கு இன்னும் மோசம்.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, சத்தியமாக. ஆனால் குறுகுறுப்பு விடவில்லை. தண்ணீர் இல்லாமல் செத்தால் எல்லாம் சாக வேண்டும். ஏன் பாதி மட்டும்? அடுத்த புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நான் மட்டும் போனேன். கரையில் யாருமில்லை. இறங்கி, முதல் படியில், முதல் சாக்கிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஐந்து பச்சை. அதற்கப்புறம் கருகல். எண்ணினேன், பதினைந்து. அப்புறம் பச்சை பத்து. திரும்பக் கருகல் பதினைந்து. திரும்பப் பச்சை பத்து. அது என் கட்டு, முத்து. கட்டைப் பிரித்து மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே அடுக்கியிருக்கிறீர்கள். ஐந்து நல்லது, பதினைந்து உப்பு, ஐந்து நல்லது, அடுத்த கட்டின் ஐந்து நல்லது. என் கை செய்த வேலையை ஆறு எல்லாரும் பார்க்கும்படி கரையில் எழுதி வைத்திருந்தது. படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருந்தும் நம்பாமல், கருகின சாக்கின் ஓரத்தைக் கிழித்து நாக்கில் வைத்தேன். உப்பு.

நேரே சுனந்தாபாய் வீட்டுக்குத்தான் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். கொல்லைக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். அதே தாய்ச்செடியிலிருந்து பிரித்த மீதி நாற்றைத் தகர டப்பாக்களில் நட்டு, அதே ஆற்றுத் தண்ணீரை ஊற்றி வளர்த்து வைத்திருந்தாள். அத்தனையும் பச்சை. “பார் அக்கா, நாற்றும் இதே நாற்று, தண்ணியும் இதே தண்ணி, கையும் இதே கை. இங்கே பிழைத்தது, அங்கே செத்தது. நீ வியாபாரி, உனக்குத் தெரிந்திருக்கும், என்ன கோளாறு?” என்று கேட்டாள். இஞ்சினியர் படித்தவர்கள் செய்யாத சோதனையை அவள் செய்திருந்தாள். கேட்க வேண்டிய ஒரே கேள்வியையும் சரியான ஆளிடம் கேட்டிருந்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். “மண்ணு சரியில்ல போல” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், இது எனக்குப் புதிதல்ல. நம் கிட்டங்கியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த மரியம் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துக்காரி. உனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு நாள் பெரிய கோணி ஊசியைக் காணோம். உன் அப்பா கையாண்ட ஊசி, அவர் போன பிறகு வேறு யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தது. மரியம் எடுத்தாள் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். “யக்கா, அல்லா சத்தியமா எனக்குத் தெரியாது. நீங்களே எங்கயாச்சும் குத்தி வச்சிருப்பீங்க” என்றாள். சாயங்காலம் நான் உட்காரும் சாக்கு மெத்தையிலேயே ஊசி குத்தி நின்றது, அதுவும் எந்த இடத்தில் குத்தி எனக்குத் தெரிவித்தது என்பதை எழுத மாட்டேன். மரியத்திடம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெருநாளுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், சிரித்தாள், ரம்ஜான் முடிந்த மாசம் வேலையை விட்டு நின்றுவிட்டாள். தப்புச் செய்தால் வார்த்தையால் தீர்க்காமல் பொருளால் தீர்ப்பது என் வழக்கம். பொருள் என்னிடம் எப்போதும் இருக்கிறது, வார்த்தைதான் வருவதில்லை.

கரையிலும் அதையேதான் செய்தேன். அடுத்த ஞாயிறு நல்ல கோதுமைச் சாக்காக எட்டுக் கட்டு கொண்டுவந்து இறக்கினேன். ‘முன்ன குடுத்ததுல கொஞ்சம் பழசு கலந்துட்டு, நைஞ்சத எடுத்துட்டு இத வைங்க’ என்று கருகின இடமெல்லாம் நானே நின்று மாற்றச் சொன்னேன். மாமா, “உங்க மாதிரி மனசு யாருக்கு வரும்” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே ஆற்றில் இறங்கிவிடலாம் போலிருந்தது. நாற்றைச் சுனந்தாபாயிடமே வாங்குங்கள் என்று நான்தான் அடம் பிடித்தேன். அதற்கு நீங்கள் கூட்டம் போட்டு, ‘சரி, இன்னொரு சந்தர்ப்பம் கொடுக்கலாம்’ என்று முடிவு செய்தீர்கள். நீதான் பெரிய மனசோடு முதலில் கை தூக்கினாய். செய்யாத தப்புக்கு அவளை மன்னித்தீர்கள், முத்து. அவளும் வந்தாள். “என் வீட்டுக்காக வருகிறேன், உங்களுக்காக இல்லை” என்று சொல்லிவிட்டுத்தான் குடத்தை எடுத்தாள்.

மூன்று மாசம் பிந்தி நட்ட வேர் எவ்வளவு இறங்கும்? ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. கரை பெரும்பாலும் நின்றது, நீங்கள் போட்டோ எடுத்துப் போட்டுக் கொண்டாடினீர்கள். என் மேல்சாக்கு இருந்த இடமெல்லாம் நின்றது. போனது நடுச்சாக்கை மாற்றிய ஓர் இடம். அது சுனந்தாபாயின் கொல்லைக்கு நேர் கீழே. கொய்யா மரம் காயோடு போயிற்று. இருபத்திரண்டு அடி பதினான்கு ஆயிற்று. அப்போதும் யாரோ குரூப்பில் எழுதினார்களாம், ‘அந்தப் பகுதிக்குத்தான் சரியாகத் தண்ணீர் விடவில்லை’ என்று. வெட்டிவேர் உப்பைத் தாங்குகிற பயிராம், மாமா வேறு ஏதோ பேச்சில் சொன்னார். வேர் பிடித்த பிறகு தாங்குமாம், பிடிப்பதற்கு முன்னால் தாங்காதாம். பிள்ளைகளும் அப்படித்தானோ என்று ஒரு யோசனை வந்தது. உனக்கு வேர் பிடித்துவிட்டது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இவ்வளவு நாள் மூடி வைத்ததை இன்றைக்கு ஏன் திறக்கிறேன்? போன வாரம் உன் புது ஆபீசுக்கு அனுப்ப ஒரு ரிப்போர்ட் எழுதினாய். அசாமில் பெரிய ஆறு, பெரிய கரை, அங்கே இதே வேலை. இங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் நீயே தமிழில் பெருமையாகச் சொன்னாய். “மெயின் லெசன் என்னன்னா, லோக்கல் ஆளுங்களை நம்பி மட்டும் வாட்டரிங் விடக் கூடாதும்மா. சூப்பர்விஷன் வேணும். எங்க ஃபெயிலியர்க்கு அதுதான் ரீசன்.” நான் அப்போது உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். விரலில் குத்திக்கொண்டேன். என் ஆற்றங்கரையில் நான் போட்ட பொய், அங்கே இன்னொரு ஆற்றங்கரையில் பாடமாகப் போகிறது. அங்கேயும் கரையோரத்து முதல் வீட்டில் ஒரு சுனந்தாபாய் இருப்பாள். அங்கே செடி செத்தால் உனக்குப் பதில் ஏற்கனவே தயாராக இருக்கும். என் மேல் உனக்கு இருக்கிற அந்தப் பார்வையைக் காப்பாற்ற நான் எவ்வளவோ கொடுப்பேன். இன்னொருத்தியின் பெயரைக் கொடுக்க முடியாது.

அதனால் நேற்று முன்தினம் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். போகும்போது, பழக்கதோஷம், ஒரு பட்டுக் கரைச் சேலையும் வாங்கிக்கொண்டேன். அவள் வாசலில் உட்கார்ந்து நாற்றுப் பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. நாங்கள் பேசியதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

“உப்பா?”

“உப்பு.”

“தெரிஞ்சே கொடுத்தியா?”

“உப்புன்னு தெரியும். செடி சாகும்னு தெரியாது.”

“செத்த பிறகு?”

“தெரியும். அன்னைக்கு உன் வீட்டு டீயக் குடிச்சிட்டுத்தான் மண்ணு மேல பழி போட்டேன்.”

அப்போதுதான் கையை நிறுத்தினாள். “மண்ணு மேல மட்டும் விழுந்திருந்தாப் பரவாயில்லையே அக்கா. கல்யாண் ஊர்ல என் பொண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கேன். அவ மாமியார் கேட்டிருக்கா, உங்க அம்மா சோம்பேறித்தனத்தால ஆத்துக்கரை இடிஞ்சு போச்சாமேன்னு. நான் உயிரைக் குடுத்து ஊத்தின தண்ணிக்கு அந்தப் பேரு.” என் கையில் இருந்த பையைப் பார்த்தாள். “அது என்ன?” “சேலை.” “எடுத்துட்டுப் போ. சேலை கட்டிக்கிட்டு யார் முன்னாடி நிக்கறது? ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்க. அப்போ கொய்யா மரம் இருந்த இடத்துல நின்னு சொல்லு. உன் பையன் என்கிட்ட சொன்னது அந்த இடத்துலதான்.” “அந்த இடம் இப்ப இல்லையே” என்றேன், பைத்தியம் மாதிரி. “அப்போ எவ்வளவு பக்கத்துல நிக்க முடியுமோ அவ்வளவு பக்கத்துல நில்லு” என்றாள். பிறகு, அவளும் என்னைப் போலத்தான், விடமாட்டாள், கேட்டாள்: “நாக்குல வச்சா நெஜமாவே தெரியுமா?” கிழிந்த ஓரம் ஒன்றை மார்ச் மாதத்திலிருந்து பர்ஸிலேயே வைத்திருந்தேன். கொடுத்தேன். நாக்கில் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், துப்பினாள். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்றுப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக்கு முதல் வண்டிக்கே நான் போய்விடுவேன். நீ வழக்கமான வண்டியில் வா. உன்னோடு சேர்ந்து வந்தால், வழியில் உன் முகத்தைப் பார்த்து நான் மறுபடியும் பேரம் பேசுவேன். என் பங்கை நான் சொல்லுவேன், எனக்காக நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். ‘அம்மாவுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது’ என்று ஆரம்பித்தாயானால் கூட்டத்திலேயே உன் வாயை அடைப்பேன். ஆனால் உனக்கென்று ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது, அதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும், மராத்தி உனக்குத்தான் நன்றாக வரும். ரிப்போர்ட்டையும் திங்கட்கிழமை ரயில் ஏறுவதற்குள் திருத்தி அனுப்பு. என் பெயரைப் போட்டே எழுது, சாக்கு வியாபாரி என்றும் எழுது. புத்திமதி என்று உனக்கு நான் ஒன்றுதான் சொல்லியனுப்ப முடியும். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கொடுக்கிறவள் கட்டிவிட்ட பழமொழி அது. நீ பார். சும்மா வந்தது எதுவானாலும், யார் கொடுத்தாலும், அம்மாவே கொடுத்தாலும், கட்டைப் பிரித்து நடுச்சாக்கை உருவிப் பார்.

கவருக்குள் இன்னொரு மடிப்பு இருக்கிறது, கீழே விழுந்துவிடாமல் எடு. சுனந்தாபாய் திருப்பிக் கொடுத்த அந்தச் சாக்குத் துண்டு. நான் எழுதியதை அப்படியே நம்பாதே. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வண்டி ஏறு.